இடுப்பு மூட்டு மாற்றப் போகிறீர்களா? உங்கள் ஆசைப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

62 வயது வாசகி. ஓய்வுபெற்ற ஆசிரியை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், இன்னும் ஏழு வாரத்தில் மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்கு வருட வலி. வலி முழங்காலில் தெரிந்ததால் முதல் ஒரு வருடம் முழங்காலுக்கே வைத்தியம் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கோளாறு இடுப்பில் என்று தெரிந்தது. இப்போது இரவில் புரண்டு படுத்தாலே விழித்துக்கொள்கிறார். காலுறை போடக் குனிய முடியவில்லை. சர்க்கரை நோயும் உண்டு. கடைசியாகப் பார்த்த ரத்தச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8.6 சதவீதம்.

“மூட்டு இன்னும் தேய்ந்துவிடக் கூடாதே என்று முடிந்தவரை படுத்தே இருக்கிறேன். நடந்தால் வலிக்கிற பக்கமான வலது கையில் கைத்தடி பிடித்துக்கொள்கிறேன்” என்கிறார். செயற்கை மூட்டு பத்து வருடம்தான் வரும், இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடு என்கிறார் தங்கை. அதுவரை தாக்குப்பிடிக்க மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமே என்கிறார் தெரிந்த ஒருவர். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டேன் என்கிறார் கணவர்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், “சொல்லவே வெட்கமாக இருக்கிறது” என்று ஆரம்பித்து ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். மறுபடி நீந்த வேண்டும். தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். பேரனோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். கார் ஓட்ட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டும் (அறுவை முடிந்த ஐந்தாவது வாரத்துக்கு டிக்கெட்டே போட்டாயிற்று). காலையில் மெதுவாக ஓட வேண்டும். “இந்த வயதில் இத்தனை ஆசை தேவையா? மருத்துவரிடம் சொன்னால் சிரிக்கமாட்டாரா?”

அன்புள்ள சகோதரி,

சிரிக்கமாட்டார். சிரித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். நான் கத்தி பிடிக்கிற மருத்துவன் இல்லை. அறுவை முடிந்தவர்களைப் பழையபடி நடமாட வைக்கிற மறுவாழ்வு மருத்துவத் துறையில் இருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயை விட அந்தக் கடைசிப் பக்கம்தான் எனக்கு அதிகம் உபயோகமாக இருந்தது. எக்ஸ்ரே மூட்டு எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லும். புது மூட்டை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அது சொல்லாது. எந்தப் பக்கமாகத் திறப்பது, எந்தப் பொருளால் ஆன மூட்டைத் தேர்ந்தெடுப்பது, பிறகு எந்த அசைவுக்கு எவ்வளவு நாள் தடை போடுவது என்று அறுவை மருத்துவர் எடுக்கும் பல முடிவுகள் உங்கள் அன்றாடத்தைப் பொறுத்தவை. தரையில் உட்கார ஆசைப்படுகிறவர் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால், செய்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வரிக்கும் “முடியுமா, எப்போது?” என்று கேளுங்கள். என் பங்குக்கு நானும் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்களைக் குழப்பி வைத்திருக்கும் சில விஷயங்களை நேர்செய்துவிடலாம்.

பத்து வருடம்தானா?

உங்கள் தங்கையின் பயம் காரணமில்லாதது இல்லை. இன்று நாம் செய்யும் சிகிச்சைக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962 முதல் அவர் பொருத்திய மூட்டுகளில் உலோகப் பந்து பாலிஎத்திலீன் கிண்ணத்துக்குள் சுழன்றது. நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து, அதன் நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்து, மூட்டு ஆட்டம் கொடுப்பது பழைய தலைமுறை மூட்டுகளில் பெரிய தலைவலியாக இருந்தது. 1990களின் கடைசியிலிருந்து, மிகக் குறைவாகவே தேய்கிற வகையில் பதப்படுத்திய பாலிஎத்திலீன் புழக்கத்துக்கு வந்துவிட்டது. பீங்கான் பந்துகளும் இருக்கின்றன.

எண்களில் சொல்கிறேன். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, முழு இடுப்பு மாற்று செய்தவர்களில் 100க்கு சுமார் 89 பேரின் மூட்டு 15 ஆண்டு தாண்டியும், சுமார் 58 பேரின் மூட்டு 25 ஆண்டு தாண்டியும் அப்படியே இருந்தது. இவற்றில் பெரும்பாலானவை பழைய பொருட்களால் ஆனவை என்பதையும் கவனியுங்கள். வயதும் இதில் முக்கியம். 2017இல் அதே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், 70 வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். 50 வயதைத் தாண்டிய தொடக்க ஆண்டுகளில் செய்துகொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போனது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். இன்னொரு முறை திறக்க வேண்டியே வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் வராமலே போகும் வாய்ப்புதான் அதிகம்.

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. தூக்கம் கெட்டு, நடை குறைந்து, தொடைத் தசையும் பிட்டத் தசையும் மெலிந்து, உடல் முழுக்கத் தளர்ந்த பிறகு அறுவை மேஜைக்கு வருகிறவர், நல்ல நிலையில் வருகிறவர் அளவுக்குத் தேறுவதில்லை. இரவு வலி, குனிய முடியாமை, மாத்திரைக்கு அடங்காமை, இத்தனையும் வந்த பிறகு நீங்கள் எடுத்த முடிவு அவசர முடிவு இல்லை. அதே சமயம் இது உயிர் காக்கும் அவசர அறுவையும் இல்லை. நாள் குறித்தாயிற்றே என்பதற்காகப் போய்ப் படுக்க வேண்டாம். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும், எக்ஸ்ரே பிரதியை வாங்கிக்கொள்வதும், கடைசி நிமிடத்தில் “இன்னும் யோசிக்க வேண்டும்” என்று சொல்வதும் உங்கள் உரிமை.

அந்த ஊசி வேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது. உங்களுக்கு மீதி இருப்பது ஏழே வாரம். இப்போது ஊசி போட்டுக்கொண்டால், விஷயம் தெரிந்த அறுவை மருத்துவர் தேதியைத் தள்ளிவைப்பார். விஷயத்தை அவரிடம் சொல்லாமல் விட்டால் அபாயம் முழுக்க உங்கள் தலையில். செயற்கை மூட்டில் தொற்று ஏற்படுவது 100 பேரில் ஒருவர் அளவில்தான் என்றாலும், வந்துவிட்டால் மறுபடி திறந்து, கழுவி, சில சமயம் மூட்டையே எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியிருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் உங்கள் 8.6 எனக்கு உறுத்துகிறது. 7.5 அல்லது 8க்குக் கீழே வந்த பிறகே பல மருத்துவர்கள் கத்தியை எடுப்பார்கள். ஹெச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. கடைசி வாரம் பட்டினி கிடந்து இறக்க முடியாது. சர்க்கரைக்குப் பார்க்கிற மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும், நிறுத்தும் நாளை அவர்தான் சொல்ல வேண்டும். ரத்தத்தை இளக்கும் மருந்து, வலி மாத்திரை, மூலிகை மருந்து, சத்து மாத்திரை என்று வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

பல்லில் சொத்தையோ ஈறில் சீழோ இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். சிறுநீர் எரிச்சல், காலில் ஆறாத புண், விரலிடுக்கில் சேற்றுப்புண், எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்யவும் ஏழு வாரம் போதுமான அவகாசம். அப்புறம், அறுவைக்கு முதல் நாள் வீட்டில் ரேசர் எடுத்துத் தொடையை மழித்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி நுழையும். முடி எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

படுத்திருந்தால் மூட்டு மிச்சமாகாது

அந்த மூட்டு எப்படியும் வெளியே வரப்போகிறது. அதைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? காப்பாற்ற வேண்டியது அதைச் சுற்றியுள்ள தசைகளை. புது மூட்டைத் தாங்கப்போவது அவைதான். வலி பொறுக்கிற அளவுக்குத் தினமும் கொஞ்சம் நடங்கள். படுத்தபடி பிட்டத்தை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது, முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து முழங்காலை மடக்குவது, இந்த மூன்றும் வலியைக் கிளப்பாமல் செய்யக்கூடியவை. கைகளையும் மறந்துவிடாதீர்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கிப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் வாக்கரைப் பிடித்து உங்களைச் சுமக்கப்போவது அந்தக் கைகள்தான்.

கைத்தடியை இன்றே இடது கைக்கு மாற்றுங்கள். வலிக்கிற பக்கமே பிடிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வலது காலில் நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் வேலையை வலது பிட்டத் தசை செய்கிறது. அந்த இழுவை அப்படியே மூட்டின் மேல் அழுத்தமாக விழுகிறது. இடது கையில் தடி இருந்தால் தசையின் வேலை குறைந்து, மூட்டின் சுமையும் குறையும். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போகட்டும். தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு நாள் தடுமாறும், மூன்றாம் நாள் வித்தியாசம் தெரியும். அறுவைக்குப் பிறகும் இதே விதிதான்.

வாக்கர், ஊன்றுகோல் இரண்டையும் இப்போதே கடன் வாங்கியாவது வீட்டில் நடந்து பாருங்கள். படியும் ஏறிப் பாருங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். மருந்து மயக்கத்தோடும் வலியோடும் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கொடுமை.

வீடு

இதை அதிகம் நீட்டவில்லை. நீங்கள் உட்காரும்போது இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, அதோடு சுமார் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். நாற்காலி, கட்டில், கழிப்பறை இருக்கை மூன்றும் அதற்குக் குறையக் கூடாது. தாழ்ந்த சோபாவை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். கழிப்பறை இருக்கைக்கு உயரம் கூட்டும் வளையம் கிடைக்கும். குளிக்கும் இடத்தில் வழுக்காத கால் உள்ள ஸ்டூல், சுவரில் கைப்பிடி. கால்மிதி, தரைவிரிப்பு, குறுக்கே ஓடும் ஒயர் எல்லாம் சுருட்டி உள்ளே. இரவில் கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு. அடிக்கடி எடுக்கிற சாமான் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும் என்பது முதல் நாள்தான் பலருக்கு உறைக்கும்; வாக்கரின் முன்பக்கம் ஒரு துணிப்பை கட்டிவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் காருக்கு ஒரு யோசனை. முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரியுங்கள். முதுகைக் காட்டி மெதுவாக உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பினால் உடம்பு தானாக வழுக்கித் திரும்பும், இடுப்பு முறுக்காது. உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஒரு மாதம் படுக்க வைத்தால் நீங்கள் பயப்படுகிற எல்லாமும் அதனால்தான் வரும். அறுவை நடந்த அன்றே அல்லது மறுநாளே அவரை எழுப்பி நடக்க வைப்பார்கள். பெரும்பாலானவர்கள் சில நாளிலேயே வீடு திரும்புகிறார்கள். அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஐந்து வாரம் வரைகூட ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருகிறார்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வதும் இதற்குத்தான்.

உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. மாத்திரை நேரத்தைக் குறித்து வையுங்கள், காயத்தின் மேல் போட்ட கட்டு ஈரமாகத் தெரிகிறதா என்று பாருங்கள், நடக்கும்போது பக்கத்தில் நடங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அவரே நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழட்டும். உடை மாட்டும்போது ஆபரேஷன் கால் முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது கடைசியாக வெளியே வர வேண்டும். இது தெரிந்தாலே பாதி சண்டை குறையும்.

முதல் சில வாரங்கள்

பழைய வலி, அதாவது எலும்போடு எலும்பு உரசும் அந்த ஆழமான வலி, பலருக்குச் சில நாளிலேயே காணாமல் போகிறது. பதிலுக்கு வருவது தையல் வலியும் தசை வலியும். அது குறைந்துகொண்டே போகும், ஆனால் நேர்கோட்டில் குறையாது. நன்றாக நடந்த நாளுக்கு மறுநாள் கால் வீங்கிக் கனக்கும். தொடையில் ஆரம்பித்த ரத்தக்கட்டு நிறம் முழங்கால், பாதம் வரை இறங்குவதும் உண்டு. மத்தியானம் கொஞ்ச நேரம் காலை உயர்த்திப் படுங்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மருந்தோடு சேர்த்து அதற்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்பக்கமாகத் திறந்திருந்தால், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூன்று விஷயங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்புவது. பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடாமல் இருக்கத்தான் இது. முன்பக்கமாகத் திறந்தால் விதிகள் வேறு, பொதுவாகக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் மருத்துவர் சொன்னதை மட்டும் கேளுங்கள்.

“ஒரு கால் நீளமாகிவிட்டது” என்ற புகார் ரொம்ப சகஜம். வருடக்கணக்கில் நொண்டி நொண்டி உங்கள் இடுப்பும் முதுகும் ஒரு பக்கம் சாய்ந்து பழகியிருக்கின்றன. சுருங்கிய தசைகள் நீள நாளாகும். பெரும்பாலும் சில மாதத்தில் அந்த உணர்வு போய்விடும். அதற்குள் செருப்பில் தடிமன் கூட்டிக்கொள்ள வேண்டாம். நிஜமாகவே கொஞ்சம் வித்தியாசம் நின்றுபோவதும் உண்டு. அதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வந்தால் திகைத்துவிடாதீர்கள். மருத்துவமனைப் பரபரப்பு ஓய்ந்திருக்கும், விசாரிக்க வருகிறவர்கள் குறைந்திருப்பார்கள், தூக்கம் சரியாக இருக்காது. ஆவலோடு எதிர்பார்த்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். வாரக்கணக்கில் நீடித்தால் சொல்லுங்கள்.

இனி உங்கள் பட்டியல்

*நீச்சல்.* தாராளமாக. செயற்கை மூட்டுக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி குறைவு. காயம் முழுக்க மூடிய பிறகு, பொதுவாக ஆறு வாரம் கழித்து. காலை அகட்டி உதைக்கும் தவளை நீச்சலை இன்னும் கொஞ்சம் தாமதமாக, மருத்துவரைக் கேட்டு. குளத்தின் ஏணியில் ஏறி இறங்குவதுதான் முதலில் பார்க்க வேண்டிய சிரமம்.

*கார்.* உங்களுக்கு வலது கால், அதாவது பிரேக் மிதிக்கும் கால். ஆறு வாரத்துக்கு முன் யோசிக்கவே வேண்டாம். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரைகள் நின்றிருக்க வேண்டும். தயங்காமல் சட்டென்று பிரேக்கை அழுத்த முடிய வேண்டும். நிற்கிற காரில் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

*தோட்டமும் தரையும்.* இரண்டும் ஒரே கேள்விதான்: தரைக்கு எப்படிப் போய் எப்படி எழுவது? மூன்று மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றதும், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க இதைக் கற்றுக்கொள்ளுங்கள். உறுதியான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, ஆபரேஷன் காலின் முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். எழும்போதும் அதே நிலைக்கு வந்து, நல்ல காலால் தள்ளி எழுங்கள். சம்மணம் போடுவதைச் சில மருத்துவர்கள் பிறகு அனுமதிக்கிறார்கள், சிலர் கடைசிவரை வேண்டாம் என்கிறார்கள். எந்த வழியாகத் திறந்தார்கள், மூட்டு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது. என்னைக் கேட்டால், பேரனின் விளையாட்டுச் சாமானை மேஜைக்கு ஏற்றிவிட்டு, அரைமணி நேரத்துக்கு மட்டும் தரைக்கு இறங்குங்கள் என்பேன். செடிகளுக்கு, உயரமான தொட்டிகளும் நீளப்பிடி கருவிகளும் இருக்கின்றன. முழுக்கக் குந்தி உட்கார்ந்து, உடம்பை முறுக்கிக் களை பிடுங்குவதைத்தான் விட்டுவிடச் சொல்வேன்.

*மகள் வீட்டுப் பயணம்.* ஐந்தாவது வாரம் வேண்டாம். நீண்ட விமானப் பயணத்தில் மணிக்கணக்கில் ஒடுங்கி உட்கார்வது, ரத்தம் உறையும் அபாயம் இன்னும் முழுக்கத் தீராத காலத்தில், தேவையில்லாத சூதாட்டம். மூன்று மாதத்துக்குப் பிறகு என்று திட்டமிடுங்கள், டிக்கெட்டை இப்போதே மாற்றுங்கள். அப்போது போனால் மகளோடு வெளியே நடக்கவும் முடியும். ஐந்தாவது வாரம் போனால் அவருக்கு நோயாளியாகத்தான் இருப்பீர்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கருவி சத்தம் போடலாம், மூட்டு மாற்றியதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*மெதுவோட்டம்.* இதற்குத்தான் மனசில்லாமல் வேண்டாம் என்கிறேன். இடுப்பு மாற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தினமும் தடதடவென்று அதிர்ச்சி கொடுக்கிற பயிற்சியைப் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை. வேக நடை, சைக்கிள், ஏற்றமான பாதையில் நடை, இவை எல்லாம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் படிப்படியாகக் கைகூடும். பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு ஓடினால் ஒன்றும் ஆகாது.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. தாம்பத்தியம். கேட்கக் கூச்சப்பட்டு, பயந்துகொண்டே வருடக்கணக்கில் விலகியிருக்கும் தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக ஆறு வாரம் கழித்து, இடுப்பை அதிகம் மடக்காத, முறுக்காத நிலைகளில், தாராளமாக. படங்களோடு விளக்கும் கையேடுகள் உண்டு; பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால் தருவார். வலி போன பிறகு இந்தப் பகுதி மேம்பட்டதாகச் சொல்கிறவர்கள் நிறைய.

உடனே கூப்பிட வேண்டியவை

கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு. திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி (இதற்கு நேராக அவசரப் பிரிவு). காயத்தில் கசிவு, பரவும் சிவப்பு, காய்ச்சல். இடுப்பில் “டக்” என்று ஏதோ நழுவி, கால் குட்டையாகித் திரும்பி, ஊன்றவே முடியாமல் போவது. இந்தப் பட்டியலை உங்கள் கணவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள்; அதோடு ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும், இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுக்கிற எண்ணாக.

கையெழுத்துப் போடும் முன்

மருத்துவரிடம் கேட்க என்னிடமிருந்து சில கேள்விகள். எந்த வழியாகத் திறக்கிறீர்கள், ஏன்? கத்தி பிடிக்கப்போவது நீங்கள்தானா? வருடத்துக்கு எத்தனை இடுப்பு மாற்றுகிறீர்கள்? (அடிக்கடி செய்கிறவர்களின் கையில் சிக்கல் குறைவு. கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.) முதல் நாளே முழு எடையும் ஊன்றலாமா? வலி முழுக்கப் போகாமல் நின்றுவிடுகிற சிலரில் நானும் ஒருத்தியாக இருந்தால் அடுத்து என்ன? ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரிகிற மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அறுவை அறை வாசலில் நீட்டினால் படிக்க நேரம் இருக்காது, முன்பே வாங்கிப் பாருங்கள்.

அறுவை முடிந்ததும், பொருத்திய மூட்டின் நிறுவனம், வகை, தொடர் எண் அடங்கிய ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் ஒட்டப்படும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பத்து, இருபது வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் ஸ்கேன் எடுக்கவோ, எக்ஸ்ரேயில் ஒரு சந்தேகம் தீர்க்கவோ, அந்த மூட்டைத் தொடவோ நேர்ந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்வது அந்தச் சீட்டுதான். செல்போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.